புள்ளிராஜாவின் மனைவி

2003ஆம் ஆண்டு நான் கல்லூரியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?

யார் இந்தப் புள்ளிராஜா, எந்த ஊர்க்காரர், அவரைப் பற்றி நம்மிடம் எதற்குக் கேட்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. புரியாததால்தான் எல்லோரும் பேசினார்கள். டீக்கடையில் பேசினார்கள். பேருந்தில் கண்டக்டர் பேசினார். எங்கள் வகுப்புப் பையன்கள் தங்களில் ஒருவனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பெண்களாகிய நாங்கள் மட்டும் பலகையை ஒருமுறை படித்துவிட்டு, படிக்காதது போல வேறு பக்கம் திரும்பி நின்றோம். எய்ட்ஸ் என்ற சொல்லைச் சத்தமாக வாசித்தாலே நமக்கு அதைப் பற்றி ஏதோ தெரியும் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அதே வருடம் எங்கள் தெருவில் ஒரு அக்கா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் வெளியூரில்தான் இருப்பார். மாதாந்திரப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் போன அக்காவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது. அதற்கடுத்த வாரம் அவர் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ‘வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவள்’ என்று மாமியார் தெருவில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பல மாதங்கள் கழித்து அவரைப் பார்த்தபோது அவர் சொன்னது இது: “அவருக்கு இருக்கான்னு யாருமே பாக்கலடி. எனக்குத்தான் மொதல்ல பாத்தாங்க.”

பலகையின் கேள்வியையும் அக்காவின் இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று தமிழ்நாட்டில் நடந்ததை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது யாரிடம் பேசியது, யாரைப் பற்றிப் பேசியது, யாருடைய ரத்தத்தை எடுத்துப் பேசியது என்று பார்க்கலாம்.

கேள்வியில் யார் இருக்கிறார்கள்?

புள்ளிராஜா தனியாக வந்தவர் அல்ல. 2002 இறுதியில் மும்பையில் ‘பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்ட விளம்பரங்களின் தமிழ் உடன்பிறப்பு அவர். நகரத்து உழைக்கும் ஆண்களை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை அவை. அதுவரை எய்ட்ஸ் விளம்பரம் என்றால் மண்டை ஓடு, எலும்பு, மரணம். அந்தப் பயமுறுத்தலை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி வம்பு பேசுவதுபோல் கேட்டதுதான் இதன் புதுமை. விளம்பர உத்தியாக இது வென்றது என்பதில் சந்தேகமில்லை. இருபது வருடம் கழித்தும் அந்தப் பெயரைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால் கேள்வியின் இலக்கணத்தைப் பாருங்கள். நோய் ‘வருகிறது’. புள்ளிராஜாவுக்கு வருகிறது. அவர் பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறார். ‘புள்ளிராஜாவால் யாருக்கு எய்ட்ஸ் வரும்?’ என்று கேட்டிருந்தால் அதே பலகை முற்றிலும் வேறொன்றாக இருந்திருக்கும். அப்படிக் கேட்கவில்லை. புள்ளிராஜா என்ன ஆவார் என்று ஊரே கவலைப்பட்டது. அவர் இரவு வீடு திரும்பும்போது கதவைத் திறப்பவர் யார் என்று அந்தக் கேள்விக்குத் தெரியாது.

மும்பை விளம்பரங்களில் ஒரு பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது. மஞ்சுளா. பல்பீர் மஞ்சுளாவிடம் மட்டும்தான் போகிறான். ஆனால் மஞ்சுளாவிடம் வேறு ஆண்களும் வருகிறார்கள். ஆகவே ஜாக்கிரதை என்பது அதில் ஒரு செய்தி. மருத்துவ ரீதியாக இதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கதையில் பெயருள்ள ஒரே பெண், ஆபத்து வருகிற வழியாக நிற்கிறாள். பல்பீருக்கான ஆபத்து மஞ்சுளாவிடமிருந்து வருகிறது. மஞ்சுளாவுக்கான ஆபத்து எங்கிருந்து வருகிறது? அவளிடம் வரும் அந்த ‘வேறு ஆண்கள்’, அவரவர் வீட்டில் பல்பீர் பாஷாக்கள்தான். நோய் ஆண்களிடமிருந்து ஆண்களுக்குப் போகும் பாதையில் மஞ்சுளா ஒரு நிறுத்தம். பாதை போட்டவர்களை விட்டுவிட்டு நிறுத்தத்தின் பெயரைத்தான் பலகையில் எழுதினார்கள்.

இந்த அமைப்பு விளம்பர நிறுவனங்கள் கண்டுபிடித்ததல்ல. நமக்கு நளாயினி கதை தெரியும். கணவன் தொழுநோயாளி. அவன் உண்ட மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். இலையில் அவன் விரல் அறுந்து விழுந்தால், அதை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். தாசி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டால் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து கொண்டுபோகிறாள். நோயுள்ள கணவன், பரத்தை வீடு, சுமக்கும் மனைவி என்று மூன்றும் அந்த ஒரே காட்சியில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு இதைப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறோம். நளாயினிக்கு நோய் தொற்றியதா என்று யாரும் கேட்டதில்லை. கதைக்கு அது தேவைப்படவில்லை.

2007இல் வந்த ‘மிருகம்’ படத்தைப் பார்த்தபோது எனக்கு நளாயினிதான் நினைவுக்கு வந்தாள். அடங்காத ஓர் ஆண், எய்ட்ஸ் வருகிறது, ஊர் ஒதுக்குகிறது, அவனிடம் கொடுமை அனுபவித்த மனைவி அவனைப் பேணுகிறாள். பத்மப்பிரியா அந்தப் பாத்திரத்தை மிக நன்றாகச் செய்திருந்தார். பலகை கேட்ட கேள்விக்குப் படம் ‘வரும்’ என்று பதில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். ஆண் செய்த தவறுக்கு நோய் தண்டனை, மனைவியின் பணிவிடை அவனுக்கு மீட்சி. நோய் வந்தவரை மனிதராகப் பார்க்கச் சொன்ன வகையில் படம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆனால் அந்த மனிதத்தைக் காட்டும் பொறுப்பு மறுபடியும் மனைவியின் தலையில்தான் கூடையாக ஏறியது.

ஊசி எங்கே போனது?

விளம்பரம் ஆணிடம் பேசியது. ஊசி யாரிடம் போனது?

இதற்கு 1986க்குப் போக வேண்டும். அப்போது இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று பலரும் உறுதியாக நம்பினார்கள். அது மேற்கத்திய நோய், ஒழுக்கம் கெட்ட நாடுகளின் நோய், நம் பண்பாட்டில் வராது என்று எழுதினார்கள், பேசினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை அந்த ஆய்வை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலா பாலியல் தொழில் செய்ததற்காகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களைத் தேடி மயிலாப்பூரில் இருந்த காப்பகத்துக்குப் போனார். கையுறைகூட இல்லாமல் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். வைக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். கணவருடன் ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மறுபடியும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்டார்கள். அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

பெண்ணியவாதியாக இந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு ஒரே சமயத்தில் பெருமையும் சங்கடமும் வருகின்றன. நாட்டின் மிகப்பெரிய பொதுச் சுகாதாரக் கண்டுபிடிப்புகளில் ஒன்றைச் செய்தது இரண்டு பெண்கள். அவர்களில் இளையவரின் பெயர் நீண்ட காலம் பொதுவெளியில் பேசப்படவே இல்லை. இது ஒரு பக்கம். ஊசியின் மறுமுனையில் இருந்தவர்களும் பெண்கள். ஆனால் அவர்கள் சுதந்திரமாக இல்லை; அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா என்பதும் சந்தேகம்தான்.

நிர்மலாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எந்த ஆதரவும் இல்லாமல், ஊரே நம்பாத ஒன்றைத் தேடிப் போனவர் அவர். நான் கேட்பது வேறு. ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தால் அது அவர்களுக்கு ஆண்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த ஆண்கள் எங்கே? அவர்களைத் தேட வழியில்லை. அவர்கள் எந்தக் காப்பகத்திலும் அடைக்கப்பட்டிருக்கவில்லை. சட்டம் விற்றவளைப் பிடித்தது, வாங்கியவனை வீட்டுக்கு அனுப்பியது. ஆகவே பரிசோதிக்கக் கிடைத்தது அவள் ரத்தம் மட்டும். தேடிய இடத்தில் நோய் கிடைத்தது. கிடைத்த இடமே பிறந்த இடம் என்று ஆகிவிட்டது. ‘பாலியல் தொழிலாளிகளால் பரவும் நோய்’ என்ற வாசகம் இப்படித்தான் நம் மொழிக்குள் வந்தது.

அதன் விளைவை அந்தப் பெண்கள் உடனே அனுபவித்தார்கள். 1990இல் பம்பாயின் பாலியல் தொழில் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ரயிலில் ஏற்றி இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமலே ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. தொற்று இருந்தவர்களைக் காப்பகங்களிலேயே வைத்துப் பூட்டினார்கள். மீட்பு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருந்தது. தொற்றுக்காக அடைத்து வைக்கப்பட்ட பெண்களை விடுவிக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ். நீதிமன்றம் விடுவிக்க உத்தரவிட்டது. நோய்க்காக ஒருவரைச் சிறை வைக்கக்கூடாது என்று சொல்ல ஒரு பெண் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

தாயிடமிருந்து சேய்க்கு

1986இல் காப்பகத்துப் பெண்களிடம் போன ஊசி, 2000க்குப் பிறகு கர்ப்பிணிகளிடம் வந்தது. இதற்கும் நல்ல காரணம் உண்டு. தொற்றுள்ள தாய்க்குப் பிரசவ வலி எடுக்கும்போது நெவிரபின் என்ற மாத்திரை ஒன்றும், பிறந்த குழந்தைக்கு அதே மருந்தைச் சொட்டாகவும் கொடுத்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு பெருமளவு குறையும். அதற்காக அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை தொடங்கியது. நம்பிக்கை மையங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதனால் தப்பித்தார்கள். எங்கள் தெரு அக்காவின் மகளும் அவர்களில் ஒருத்தி.

ஆனால் ஒரு குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்படுபவள் மனைவி என்று ஆகிவிட்டால் முதலில் கண்டுபிடிக்கப்படுபவளும் அவள்தான். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவள் கொண்டுவந்தவளாகிறாள். மயிலாப்பூர் காப்பகத்தில் நடந்தது இப்போது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடந்தது. கணவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆற்றுப்படுத்துநர்கள் சொல்வார்கள். எத்தனை கணவர்கள் வந்தார்கள்? வராத கணவனைக் கட்டாயப்படுத்த முடியாது. அவனுக்கு உடல் சுதந்திரம் இருந்தது. வந்து நின்ற மனைவியின் கை ஏற்கெனவே நீட்டப்பட்டிருந்தது.

அந்தத் திட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். உலகெங்கும் ‘தாயிடமிருந்து சேய்க்கு’ என்று சொன்னார்கள். பழி தாய்மேல் விழுகிறது என்று உணர்ந்து, இந்தியாவில் அதிகாரபூர்வமாக ‘பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு’ என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பேச்சு வழக்கில் இன்றுவரை தாயிடமிருந்து சேய்க்குத்தான் பரவுகிறது. தாய்க்கு யாரிடமிருந்து என்று அந்தத் தொடர் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. தமிழ்நாட்டில் தாம்பரம் மருத்துவமனை அதன் தொடக்க மையங்களில் ஒன்று. அதற்கு முன்பு, வெளியில் மருந்து வாங்க வசதியில்லாத பெண்ணுக்கு நிலைமை என்ன? வயிற்றில் இருப்பதைக் காப்பாற்ற ஒரு மாத்திரை அவளிடம் கொடுக்கப்பட்டது. அவளைக் காப்பாற்ற மாத்திரை இல்லை. கர்ப்பமாக இருக்கும்வரை அவள் உடல்மீது அரசுக்கு அக்கறை இருந்தது.

ஒருவனுக்கு ஒருத்தி

எய்ட்ஸைத் தடுக்க நமக்குச் சொல்லித் தரப்பட்ட வழிகளில் முதலாவது ‘ஒருவனுக்கு ஒருத்தி’. பள்ளிக்கூட மேடையிலும் சுவரெழுத்திலும் கேட்டும் பார்த்தும் வளர்ந்தோம். இந்தச் சொற்றொடரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ஒருவனுக்கு’ என்பதில் அவன் பெறுபவன். ‘ஒருத்தி’ பெறப்படுபவள். ஒருத்திக்கு எத்தனை பேர் என்று கேள்வியே எழாது, அது முன்கூட்டியே முடிவான விஷயம். ஆகவே அறிவுரை அவனுக்குத்தான். அவன் கேட்டால் இருவரும் தப்பிக்கலாம். அவன் கேட்காவிட்டால் அவள் கடைப்பிடித்த ஒழுக்கம் அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

சுனிதி சாலமன் பின்னர் நடத்திய சென்னை மையத்துக்கு வந்த 134 தொற்றுள்ள பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரே ஒருவருடன் மட்டும் உறவு கொண்டிருந்தவர்கள். அந்த ஒருவர் கணவர். இவர்கள் ‘ஒருவனுக்கு ஒருத்தி’யை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவர்கள். இவர்களுக்கு ஆபத்தான நடத்தை என்று ஏதாவது இருந்தது என்றால் அது கல்யாணம் செய்துகொண்டதுதான்.

விழிப்புணர்வின் இரண்டாவது அறிவுரை ஆணுறை. பெயரிலேயே அது யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு மனைவி கணவனிடம் அதைக் கேட்பது எப்படி என்று எந்தச் சுவரொட்டியும் சொல்லித்தரவில்லை. கேட்டால் இரண்டு சந்தேகங்களில் ஒன்று வரும். ‘என்மேல் சந்தேகப்படுகிறாயா?’ அல்லது ‘இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?’ இரண்டாவது சந்தேகம்தான் அதிகம் பயமுறுத்துவது. பேருந்து நிறுத்தத்தில் பலகையைப் படிக்காதது போல நாங்கள் திரும்பி நின்றது அதே பயத்தால்தான். தெரிந்துகொள் என்று அரசு சொன்னது. தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளாதே என்று வீடு சொன்னது. வீட்டின் சொல்தான் வென்றது.

ஒரு பெண் பேசியபோது

இந்த இடத்தில் 2005ஐ நினைவுபடுத்த வேண்டும். புள்ளிராஜா பலகைகள் வந்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. இந்தியா டுடே இதழ் பாலுறவுப் பழக்கங்கள் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டது. அதையொட்டி நடிகை குஷ்புவின் கருத்தும் வெளியானது. மணப்பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்று படித்த ஆண்கள் எதிர்பார்க்கக் கூடாது என்பதும், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பமும் பால்வினை நோயும் வராமல் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சொன்னதன் சாரம்.

இரண்டாவது பகுதியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்பது பலகைகள் ஆண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே செய்தி. ஆண்களுக்கு அதை மக்கள் பணத்திலும் வெளிநாட்டு நிதியிலும் சொன்னார்கள். பெண்களிடம் ஒரு பெண் சொன்னபோது தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவுபடுத்திவிட்டார் என்றார்கள். துடைப்பமும் செருப்பும் ஏந்திய போராட்டங்கள் நடந்தன. அவர் மன்னிப்புக் கேட்ட பிறகும் விடவில்லை. பல ஊர்களில் மொத்தம் 23 வழக்குகள். உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் தள்ளுபடி செய்தபோது 2010 ஏப்ரல் ஆகிவிட்டது. நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாநிலம், அப்படிப் பேசிய ஒரு பெண்ணை ஐந்து வருடம் நீதிமன்றத்துக்கு அலைய விட்டது.

புள்ளிராஜா பரத்தையிடம் போகிறார் என்பதைச் சுவரில் எழுதலாம். அதில் தமிழ்ப் பண்பாட்டுக்கு எந்தக் காயமும் ஏற்படவில்லை; சிரிப்புதான் வந்தது. ஒரு பெண்ணுக்கும் உடல் உண்டு, அதைக் காத்துக்கொள்ளும் அறிவு வேண்டும் என்று சொன்னால் மட்டும் காயம் ஏற்பட்டது. நம் விழிப்புணர்வின் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருந்தது என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் துல்லியமாகக் காட்டுகின்றன.

அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் வேறு இடத்திலிருந்து வந்தார்கள். திருமணத்தின் வழியாகத் தொற்று பெற்ற கௌசல்யா பெரியசாமி, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பொதுவெளியில் பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998இல் அவரும் தோழிகளும் சேர்ந்து ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்ற தொற்றுள்ள பெண்களின் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் பேசியது நோயைப் பற்றி மட்டுமல்ல. கணவன் இறந்ததும் பறிக்கப்படும் சொத்து, வீட்டைவிட்டுத் துரத்தப்படுதல், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பது, பிரசவம் பார்க்க மறுப்பது எல்லாம் அவர்கள் பேச்சில் இருந்தன. எனக்குத் தெரிந்து, புள்ளிராஜாவின் மனைவி என்ன ஆனாள் என்ற கேள்வியைப் பொதுவில் வைத்தவர்கள் இவர்கள்தான். எய்ட்ஸ் விழிப்புணர்வு இலக்கியம் என்று ஒன்று தொகுக்கப்பட்டால் அதில் விளம்பர வாசகங்களுக்கு முன்னால் இவர்களின் வாக்குமூலங்கள் வர வேண்டும்.

ஆனால் பலன் கிடைத்ததே?

ஒரு மாணவி இந்த இடத்தில் நியாயமாகக் கேட்கலாம்: எப்படியோ, நோய் குறைந்ததல்லவா? குறைந்தது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்தது 2004இல் 1.1 ஆகக் குறைந்தது என்று 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. ஆண்களின் நடத்தை மாறியதும், பாலியல் தொழிலில் ஆணுறைப் பயன்பாடு கூடியதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். விளம்பரங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கும். மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இதையும் கொஞ்சம் நின்று வாசிக்கலாம். பாலியல் தொழிலில் ஆணுறை கூடியது என்றால், ‘அது இல்லாமல் முடியாது’ என்று ஒவ்வொரு இரவும் வாடிக்கையாளரிடம் நின்று சொன்னவர்கள் யார்? மஞ்சுளாக்கள். கூடுதல் பணம் தருகிறேன் என்றவனைத் திருப்பி அனுப்பி, அடி வாங்கியும் சொன்னவர்கள். விளம்பரத்தில் ஆபத்தாகக் காட்டப்பட்டவர்கள் நடைமுறையில் தடுப்பணையாக நின்றார்கள். இன்னொன்று: ஆண்கள் திருந்தினார்களா என்று எப்படிக் கணக்கிட்டார்கள்? கர்ப்பிணிகளின் ரத்தத்தில். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்விக்கான விடையைக்கூட அவர் மனைவியின் கையில் ஊசி குத்தித்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த நோய் வரும்போது

இவ்வளவு பழைய பலகையை இன்று எதற்குத் தோண்ட வேண்டும்? 2020இல் புதிய நோய் ஒன்று வந்தபோது பழைய பழக்கங்கள் எல்லாம் வேலைக்கு வந்ததை நாம் பார்த்தோம். வீட்டுக் கதவில் தகரம் அடித்தார்கள், அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டுக்குள் இருங்கள், வீடுதான் பாதுகாப்பு என்று தொலைபேசி ஒவ்வொரு அழைப்பிலும் சொன்னது. அடிக்கும் கணவனுடன் பூட்டப்பட்ட பெண்ணுக்கு அந்தக் குரல் என்ன சொன்னது என்று யோசித்தவர்கள் குறைவு. நோய்கள் மாறுகின்றன. அறிவிப்பை எழுதுபவர் மனத்தில் இருக்கும் வாசகர் அவ்வளவாக மாறவில்லை.

அதனால் படிக்கும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு நோயைப் பற்றிய சுவரொட்டியோ குறும்படமோ கண்ணில் பட்டால், அதில் உள்ள தகவல் சரியா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இது யாரைப் பார்த்துப் பேசுகிறது? யாரிடமிருந்து நோய் வருவதாகச் சொல்கிறது? சொல்வதைச் செய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறது? முதலில் யாரைப் பரிசோதிக்கிறார்கள், அவர் முடியாது என்று சொல்ல முடியுமா? நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? இவற்றைக் கேட்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் தெரு அக்கா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். கணவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாதம் தவறாமல் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார், தையல் வேலை செய்கிறார். மகள் நர்சிங் படித்து முடித்துவிட்டாள். இதை எழுதுவதற்கு முன் அவரிடம் தொலைபேசியில் பேசி, ‘எழுதட்டுமா அக்கா?’ என்று கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்தப் பலகை நினைவிருக்கிறதா என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“இருந்துச்சு. அது ஆம்பளைங்களுக்கு வச்சதுன்னு நெனச்சு நான் படிக்கவே இல்லடி” என்றார்.